சம்பந்தி நட்ட வேம்பு

சம்பந்தி,

இன்று காலை உங்கள் வீட்டு முன்கதவை இழைத்தார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் அது ஊதிக்கொண்டு நிலையில் சிக்கிக்கொள்கிறது. நாலைந்து நாளாக உங்கள் மகன் தோளைக் கொடுத்து இடித்துத்தான் திறந்துகொண்டிருந்தார். "மாப்பிள்ளை, கதவத் தெறக்கிறீங்களா, வீட்ட இடிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சிரிப்பில் அப்படியே அம்மாவான உங்கள் ஜாடை, ஆனால் ஒரு வேலையும் நடக்காது. சரி, இவரை நம்பினால் ஆகாது என்று நானே ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். கலும்பாங் பக்கத்து ஆள், இந்த வீட்டுக்குப் புதியவர். கதவைக் கழற்றி இரண்டு பெஞ்சின் மேல் படுக்கவைத்து, கீழ் ஓரத்தில் இழைப்புளியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது.

வெங்காய வாசனை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பச்சை வெங்காயம் அரிவதுபோல. முன்பு அளவுக்கு இல்லை, ஆனாலும் அதேதான். தச்சர் இழைப்பதை நிறுத்திவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அடுப்புல ஒண்ணும் இல்ல தம்பி, அது கதவோட வாசம்" என்றேன். அவர் ஒரு சீவலை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதனால்தான் இப்போது உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் உங்கள் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, ரவாங்கில் என் வீட்டில் ஒரு வாரம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று பிற்பாடு சொன்னீர்கள். நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கக் குடும்பம். நீங்கள் ஆடி முழுக்கக் கவுச்சி தொடாமல் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றதால் காலையில் உங்கள் கோயிலில் தாலி, சாயங்காலம் எங்கள் கோயிலில் சாமியாரின் ஆசீர்வாதம் என்று ஒருவழியாகக் கல்யாணம் முடிந்தது. அந்த ஒரு நாள் முழுக்க நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது "சாப்பிட்டீங்களா" என்ற ஒரு வார்த்தைதான். அதையும் என் சேலையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

அப்புறம் விருந்துக்கு அழைத்தீர்கள். கம்போங் குவாந்தான் போகிற பாதையில், மின்மினி பார்க்கப் போகிறவர்களின் கார்கள் தாண்டிப் போகிற இந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் முதலில் வந்தேன். வாசலுக்கு நேரே ஒரு குழி தோண்டி வைத்திருந்தீர்கள். பக்கத்தில் கறுப்புப் பாலிபேக்கில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. அதன் தலையில் குங்குமம்கூட வைத்தாயிற்று. "என் மருமக இந்த வீட்டுக்கு வந்த நேரம், வாசல்ல ஒரு வேம்பு வெக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன்" என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னீர்கள். சாலையோர நர்சரியில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கியதாம்.

என் வாய் சும்மா இருக்குமா? "சம்பந்தி, இது வேம்பு இல்ல. செந்தாங்" என்றேன்.

சொல்லாமல் எப்படி இருப்பது? கலும்பாங் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்த பிறகு, ஒரு பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், இன்னொரு பக்கம் காட்டு மரக்கன்று வளர்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அந்த நர்சரியில்தான் வேலை. பல வருடம் என் கைவிரல் நகத்தில் இருந்ததெல்லாம் செந்தாங் மண்தான். அதன் விதை ஒரு தினுசு. பழம் பழுத்து உதிர்ந்ததும் சதையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் வைத்திருந்தால் செத்த விதை. வேலை வாங்குகிற மண்டோர் வந்து, "பழம் உதுந்திருச்சு, இன்னிக்கு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகக் கூடாது" என்று கத்துவார். முளைத்ததை நிழல் வலைக்குக் கீழே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, பிறகு லோரியில் ஏற்றுவோம். மழைக்காட்டில் வளர்கிற மரம், வேம்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. வேம்பு குடை விரிக்கும், இது கொடிமரம்போல நெட்டுக்கு ஓடும். பதினைந்து இருபது வருடத்தில் பலகை அறுக்கலாம். மேசை, அலமாரி, கதவு, நிலை எல்லாம் ஆகும். இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேப்பிலை சின்னது, ஓரம் ரம்பம்போல வெட்டு வெட்டாக இருக்கும். செந்தாங் இலை பெரிது, ஓரம் வழவழப்பு.

இதையெல்லாம் குழிப் பக்கத்தில் நின்று உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் இழுத்து, "இந்த மண்ணுல எல்லாமே பெருசாத்தான் வளரும் சம்பந்தி" என்றீர்கள். "எங்க தாத்தா கப்பல்ல வந்து எறங்குனப்ப குச்சி மாதிரி இருந்தாராம். இப்ப எங்க வீட்டு ஆம்பளைங்களப் பாருங்க." உங்கள் தம்பிகள் மூன்று பேரும் வரிசையாக நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "அவங்க மனுசங்க. இது மரம்" என்றேன். அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. "உங்க சாமிக்கு மரம் வேணாம், சரி. எங்க சாமிக்கு வேணும்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

நான் இலையைப் பற்றிப் பேசினேன். நீங்கள் உங்கள் ஆத்தாளை நான் இல்லை என்று சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். புது மருமகளாக நின்ற என் மகள் என் முழங்கையைக் கிள்ளிய தழும்பு இரண்டு நாள் இருந்தது. கிளம்பும்போது உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தவள் அதையாவது ஒழுங்காகச் சொன்னேனா? "பள்ளமா வெச்சிடாதீங்க. இது களிமண். காலடியில தண்ணி நின்னா உங்க வேம்பும் சாகும், என் செந்தாங்கும் சாகும். மேடு கட்டி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அடுத்த தடவை வந்தபோது பார்த்தேன், வாசலில் வண்டியே ஏற முடியாத அளவுக்கு ஒரு மேடு. அதன் உச்சியில் அந்தக் கன்று, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு. எனக்கு அன்றைக்கே உங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீங்களாக எனக்குப் போன் செய்தது அதற்கு மூன்றாவது வருடம். நான் ரவாங்கில் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "சம்பந்தி, ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்றீர்கள். குரல் உடைந்திருந்தது. என்ன ஏது என்று பதறினால், மரத்தில் ஒரு இலை இல்லையாம். இரண்டு வாரம் வெயில் காய்ந்ததில் எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. என்ன குறை வைத்தேனோ என்று நீங்கள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். "கொறையும் இல்ல, கோவமும் இல்ல. அது வருசத்துக்கு ஒரு தடவ துணி மாத்தும். போய்ச் சாப்பிடுங்க லா" என்று ஒரு அதட்டுப் போட்டேன். "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டீர்கள். ஒரு வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வந்தது, பின்னாலேயே வெள்ளைப் பூ. நீங்கள் மறுபடி போன் செய்து, பூத்துவிட்டது, தெரு முழுக்க வாசனை என்றீர்கள். அன்றைக்கு நாம் மரத்தை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ பேசினோம். அடுப்பில் என் கறி அடிப்பிடித்துவிட்டது.

அதன் பிறகு நீங்கள் போன் செய்வதும் நான் திட்டுவதும் வாராவாரம் நடந்தது. உங்களுக்கு என்னிடம் திட்டு வாங்கப் பிடித்திருந்தது. எனக்கும் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, என் வீட்டுக்காரர் போன பிறகு.

கிளை கழிக்கிற வேலை என்னுடையதாகிப்போனது. கீழ்க் கிளைகளைக் காலாகாலத்தில் எடுத்தால்தான் அடிமரம் முடிச்சில்லாமல் நேராக ஏறும். நான் பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் ஒரு செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் மரத்தைத் தொட்டு, "ஆத்தா, இந்தக் கையை எடுக்கப் போறோம், பொறுத்துக்க" என்பீர்கள். "கெளை எடுக்கிறதுக்கே இவ்வளவு மன்னிப்பா? உங்க மகன் என் மக கைய என்னக் கேக்காமலே பிடிச்சிட்டாரே" என்று ஒரு தடவை கேட்டேன். செம்பை அப்படியே என் தலையில் கவிழ்த்திருப்பீர்கள். சிரித்த சிரிப்பில் தண்ணீர் தானாகவே சிந்திவிட்டது.

பேரனுக்கு அம்மை போட்டபோது நான் லோஷனும் மருந்தும் வாங்கிக்கொண்டு அடித்துப்பிடித்து ஓடி வந்தேன். நீங்கள் எனக்கு முன்னாலேயே பாய் விரித்து, அதன் மேல் அந்த மரத்தின் இலைகளைப் பரப்பி, அவனைப் படுக்கவைத்திருந்தீர்கள். வேப்பிலையாக இருந்தால் கூடை கூடையாக வேண்டியிருக்கும். இது பெரிய இலையல்லவா, நாலு கொத்து போட்டதும் பாயே மூடிவிட்டது. "பாத்தீங்களா, பெருசா இருந்தா எவ்வளவு வசதி" என்றீர்கள், என்னைச் சீண்டுவதற்காகவே. அந்த நாள்களில் நாம் மாற்றி மாற்றி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கொத்தால் வருடிவிடுவீர்கள், நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன், லோஷனும் தடவுவேன். கொப்புளம் காய்ந்து அவன் எழுந்து ஓடிய அன்று, "மருந்துலதான் ஆறுச்சு" என்றேன். "ஆறிருச்சுல்ல, யாருக்கு என்ன நட்டம்?" என்றீர்கள்.

மரம் கூரையைத் தாண்டியது, மின்கம்பத்தைத் தாண்டியது. மின்மினி பார்க்க வருகிறவர்கள் பாதை தெரியாமல் தடுமாறினால், "அந்த ஒசரமான வேம்பு வரைக்கும் வாங்க, அங்கருந்து சோத்தாங்கைப் பக்கம்" என்று சொல்லுகிற அளவுக்கு அது பிரபலமாகிவிட்டது. பக்கத்து மலாய்க் கிராமத்து மக்களுக்கு அது செந்தாங் என்று நன்றாகவே தெரியும். இளம் தளிரையும் பூவையும் சோற்றோடு வைத்துச் சாப்பிடக் கேட்டு வாங்கிப்போவார்கள். நீங்களும் சிரித்த முகமாகப் பறித்துக் கொடுப்பீர்கள். அவர்களிடம் ஒருநாளும் அதன் பேரைப் பற்றி வாதாடியதில்லை. என்னிடம் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டீர்கள்.

பிறகு அந்தப் புயல்காற்று. மேல் கிளை ஒன்று ஒடிந்து, பேரன் படுக்கிற அறைக் கூரையில் விழுந்து ஓட்டை போட்டது. அவன் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தான், மாதா புண்ணியம். உங்களிடம் கேட்டால் ஆத்தா புண்ணியம் என்பீர்கள். வாசலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இத்தனை பெரிய மரம் நிற்கக் கூடாது என்று உங்கள் மகன் சொன்னார். நியாயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் யார் சொல்வது? அப்போது உங்களுக்குக் கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சண்டைக்கு என்றால் என்னைத்தானே அனுப்புவார்கள்.

அந்த டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். நீங்களே, "மரத்தப் பத்தித்தானே? வெட்டட்டும். புள்ள தலைக்கு மேல விழுற மாதிரி ஆத்தா நிக்கமாட்டா" என்றீர்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதான் சம்பந்தி. அது வேம்பு இல்ல" என்றீர்கள்.

"எப்பத் தெரியும்?"

"மொத தடவ பூத்தப்பவே. எங்க தோட்டத்து லயத்துல நெச வேம்பு இருந்துச்சு. எனக்குத் தெரியாதா வேப்பம்பூ?"

அத்தனை வருடமாக என்னோடு மல்லுக்கு நின்றவர் நீங்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் மட்டும் அந்த ஊசியும் குழாயுமாக இல்லாமல் இருந்திருந்தால் நடப்பதே வேறு. "அப்புறம் எதுக்கு இத்தன வருசம் என் உயிர எடுத்தீங்க?" என்றேன்.

"கும்பிட்டுட்டேனே சம்பந்தி" என்றீர்கள். "கும்பிட்டத எப்படி இல்லேன்னு சொல்றது?"

உங்கள் கையை என் கை மேல் வைத்தீர்கள். எப்போதும் சூடாக இருக்கும் கை, அன்று குளிர்ந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு. கேக்காம வெட்டக் கூடாது. ஆடி முடியட்டும், நானே ஆத்தாகிட்ட சொல்லி எறக்கி வெச்சிடறேன். நான் இல்லாட்டி நீங்க நின்னு செய்யுங்க. எம் மகன் அழுவான், அவனுக்கு வராது. மரத்த வெறகாக்கிடாதீங்க, வாசலுக்கு ஒரு கதவாவது செய்ங்க." பேச்சை மாற்றுவதற்காக, செந்தாங் பலகை நன்றாக இழையும், மெருகு பிடிக்கும் என்று உளறினேன். "பாத்தீங்களா, இப்பவும் செந்தாங்தான்" என்று சிரித்தீர்கள்.

ஆடி முடியவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். கூழ் ஊற்றுவதற்கு வாங்கி வைத்த கேழ்வரகு மாவு அப்படியே டப்பாவில் இருந்தது.

கருமாதி அன்று வீடு நிறைய ஆட்கள். எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை, வாசலுக்கு வந்தேன். மரத்தடியில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் உதிர்ந்து கிடந்தது. வருகிறவர்களும் போகிறவர்களும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பழைய மண்டோரின் குரல்தான் காதில் கேட்டது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பொறுக்கினேன். பார்த்தவர்கள் இந்த அம்மாளுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பின்பக்கக் குழாயடியில் கழுவி, அன்றைக்கே பாலிபேக்கில் மண் நிரப்பிப் போட்டுவிட்டேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது அதில் சில முளைத்து, இரண்டு இலை விட்டிருந்தன.

வெட்டுகிற நாளுக்குப் பூசாரியை அழைத்திருந்தோம். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், மஞ்சள் எல்லாம் பாசாரில் நான்தான் வாங்கினேன். கடைக்காரர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "சம்பந்திக்கு" என்றேன். வெட்டுகிற ஆள் செயின்சாவைத் தரையில் வைத்துவிட்டு, கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி மரத்தை அண்ணாந்து பார்த்தார். தாழ்ந்த கிளையில் ஒரு இலையைக் கிள்ளி ஓரத்தைத் தடவினார். "அம்மா, இது வேம்பு இல்லையே. செந்தாங்னு காட்டு மரம். இதுக்கு எதுக்குப் பூச? சும்மாவே வெட்டிக்கலாம்" என்றார். நல்ல மனுஷர்தான். வீண் செலவு வேண்டாமே என்று சொல்லியிருப்பார்.

உலகத்திலேயே அதைக் கேட்டு முதலில் குளிர்ந்திருக்க வேண்டியவள் நான். இந்த வாசலில் நின்று நான் தொண்டை வறளச் சொன்னதை ஒரு பூசாரி வாயாலேயே கேட்டாயிற்று. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"யாருங்க சொன்னா வேம்பு இல்லேன்னு?" என்றேன்.

"எலையப் பாருங்கம்மா, ஓரத்துல..."

"எலைய நான், இது பாலிபேக்குல இருந்தப்பவே பாத்துட்டேன். நீங்க இன்னிக்குத்தான் பாக்குறீங்க. ஒரு அம்மா ஆடிக்கு ஆடி இதுக்கு மஞ்சள் பூசி, வெளக்கேத்தி, இது கீழ உக்காந்து புள்ளைங்களுக்காக அழுதிருக்காங்க. கும்பிட்டத எப்படிங்க இல்லேன்னு சொல்வீங்க?"

என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பூசாரி பாவம், என்னையும் சிலுவையையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எனக்கு வேம்புக்குச் சொல்ற மொறதான் தெரியும்மா. வேற மரத்துக்குச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு" என்று உள்ளதைச் சொன்னார். "சரி, மொறைய மட்டும் சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். செம்பில் தண்ணீர் நிரப்பி, இந்த மரத்துக் கொத்தையே அதில் வைத்து, இறங்கி வரச் சொல்லிக் கேட்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வேறொரு மரத்தடியில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் என்றார். "தேங்காய நான் ஒடைக்கிறேன்" என்று அவராகவே சேர்த்துச் சொன்னார்.

உங்கள் செம்பைத்தான் எடுத்தேன். மரத்தின் மேல் கையை வைத்தேன். எங்கள் ஜெபங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். உங்கள் ஆத்தாளிடம் பேச எனக்கு ஒரு வரி தெரியாது. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

"ஆத்தா, நான் உன் வீட்டு ஆள் இல்ல. உன்னக் கூப்பிட்டு இங்க உக்கார வெச்சவங்க போயிட்டாங்க. சொல்லிட்டுத்தான் வெட்டணும்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அதான் வந்திருக்கேன். இருந்த வரைக்கும் புள்ளைங்கள நல்லாப் பாத்துக்கிட்ட. இப்ப எறங்கி வா. தூரம் இல்ல, வேலி ஓரம்தான்."

முடித்ததும் பழக்கத்தில் கை தானாகச் சிலுவை போட்டது. பூசாரி தேங்காயை உடைத்தார். வெட்டுகிற ஆள்கூடத் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

செம்பைத் தூக்கியபோது கனமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை சம்பந்தி, தண்ணீரின் கனம்தான் இருந்தது. ஆனால் மேட்டிலிருந்து இறங்கி வேலி ஓரம் போய்ச் சேர்கிற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தேன். முளைத்ததில் ஒன்றைப் பாலிபேக்கோடு அங்கே கொண்டு வைத்திருந்தேன். அதன் காலடியில் ஊற்றினேன்.

மரம் விழுந்ததும் தெருவே வெங்காயம் மணத்தது. உங்கள் மகன் நீங்கள் சொன்னபடியே அழுதார். அடிமரத்தை வெட்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. ஆற்று வழிப் பாதையில் பலகை அறுக்கிறவரிடம் லோரியில் ஏற்றிப்போனோம். நான் கூடவே இருந்து உயிரை வாங்கினேன். அறுத்த பலகையின் முனைகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன், வெடிக்காமல் இருக்க. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சட்டம் வைத்து, வெயில் படாமல் காற்று மட்டும் புகுகிற மாதிரி பின்கொட்டகையில் அடுக்கினோம். ஒரு வருடத்துக்குக் கிட்ட யாரையும் தொடவிடவில்லை. காய்ந்ததும் சிவப்பு பழுப்பாக மாறி மெருகு ஏறியது. அதில்தான் இந்தக் கதவு. மிச்சத்தில் பேரனுக்கு ஒரு மேசை, சாமிப் படம் வைக்க ஒரு தட்டு. அந்தத் தட்டில் உங்கள் மாரியம்மன் பக்கத்தில் என் மகள் மாதா சுரூபத்தையும் வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் இதுவரைக்கும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, நம்மை மாதிரி இல்லை.

இதோ, தச்சர் கதவை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தாயிற்று. இப்போது ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. தச்சர் கை கழுவ வேலியோரக் குழாய்க்குப் போனார். நான் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் கழுவின கையைத் துடைக்காமல் அப்படியே அண்ணாந்து நின்றிருந்தார். அந்தக் கன்று இப்போது கூரை உயரம் தாண்டிவிட்டது சம்பந்தி. அடியில் மேடு, இடுப்பில் மஞ்சள் துணி. போன ஆடிக்கு உங்கள் மருமகள் கட்டியது. கீழ்க் கிளை கழிக்கிறபோதெல்லாம் நான்தான் அதைத் தொட்டுக் கேட்டுக்கொண்டு வெட்டுகிறேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா" என்றார் தச்சர். "வேம்புன்னு நெனச்சு வெச்சிட்டீங்க போல. இது வேம்பு இல்ல, செந்தாங். வேம்புன்னா எலை சின்னதா, ஓரம் வெட்டு வெட்டா இருக்கும். எங்க கலும்பாங் பக்கம் இது நெறைய உண்டு."

என் ஊர்க்காரர், என் வார்த்தை, நான் அன்று நின்ற அதே தோரணை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காப்பியை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் இழுத்த அதே இழுப்பு என் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"இந்த மண்ணுல எல்லாமே பெருசாத்தான் வளரும் தம்பி" என்றேன்.